ஒட்டுத்துணி வெட்டில் அளவுகோல்

அமெரிக்காவில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் குயில்ட் போர்வைகளுக்கு நெடுங்காலம் அட்டை அல்லது தகர அச்சுகளே அளவு தந்தன. அச்சைத் துணிமேல் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, ஒவ்வொரு துண்டாகக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள்.

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்களைக் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைத்தது. 1976இல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு விழாவும் சேர, பழைய கைவேலை புத்துயிர் பெற்றது. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரம்போல் உருளும் சுழல்கத்தியை வெளியிட்டது. தையற்காரர்களுக்காக வந்த அதைக் குயில்ட் தைப்பவர்கள் விரைவில் தமதாக்கிக்கொண்டனர். துணியைப் பல மடிப்பாக வைத்து ஒரே இழுப்பில் பட்டைகளாக வெட்ட முடிந்தது.

கத்தி ஓரமாக உருள்வதற்குத் தடித்த அளவுகோல் தேவைப்பட்டது. அடியில் உள்ள துணி தெரியும் அக்ரிலிக் அளவுகோல்கள் அப்படித்தான் பரவின. 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்டது பொது அளவானது.

வழவழப்பான அக்ரிலிக் துணிமேல் எளிதில் வழுக்கும். தையலுக்கு விடும் இடமே கால் அங்குலம்தான். வெட்டு சற்றுக் கோணினாலும் மூலைகள் பொருந்தா. எனவே விரல்களை அகல விரித்து அழுத்தி, கத்தி முன்னேற முன்னேற அதை நிறுத்தி, கையை மேலே நகர்த்தி வைக்கும் முறை வழக்கமானது. அடியில் உப்புத்தாள் வில்லைகள் ஒட்டுவதும், கண்ணாடி தூக்கும் உறிஞ்சு கைப்பிடியைப் பொருத்துவதும் துணைவழிகளாயின.