கறுப்பு மெசினின் இலக்கம்

பழைய சிங்கர் தையல் மெசினின் அடித்தட்டில், வலது பக்கமாக, ஒரு சிறிய இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த மெசினிலேயே நாற்பது வருடம் தைத்தவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய மெசின்களைத் தேடிச் சேர்த்துப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் துடைத்துப் பார்ப்பது அதைத்தான். இலக்கத்துக்கு முன்னால் எழுத்து எதுவும் இல்லையென்றால் மெசின் 1900க்கு முந்தியது. 'எஃப்', 'வை' என்று தொடங்கினால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் செய்யப்பட்டது. 'வை' வரிசை 1935இல் முடிந்து 'ஈஏ' தொடங்கியது. 1880களில் கட்டப்பட்ட அந்தத் தொழிற்சாலை 1913இல் மாத்திரம் பதின்மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மெசின்களை அனுப்பியது, 1980இல் மூடப்பட்டது. தொழிற்சாலை போய்விட்டது. அதன் மெசின்கள் எமது ஊர்களில் இன்னும் கிடக்கின்றன.

அவை இங்கு வந்து சேர்ந்த விதம் சுவையானது. சிங்கர் கம்பனி இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1877இல். கலஹாவுக்கு அருகிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு அப்போது பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1867இல்தான் கண்டிக்குப் புகையிரதமும் வந்தது. கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்த மலைநாட்டுக்கு, பாதையும் சந்தையும் தயாரான வேளையில் மெசின் வந்தது எனலாம். இந்தியா, பர்மா, இலங்கை ஆகியவற்றில் அக்கம்பனியின் வியாபாரத்தை நெடுங்காலம் நடத்தியவர் பம்பாயைச் சேர்ந்த பார்சி இனத்தவரான பட்டேல் என்பவர். வெள்ளைக்காரக் கம்பனி என்று நாம் நினைப்பதை எமது பக்கத்து மனிதர் ஒருவரே விற்றிருக்கிறார்.

விலையை முழுதாகக் கொடுக்கும் சக்தி யாரிடம் இருந்தது? அதற்கும் கம்பனி வழி வைத்திருந்தது. 1856இலேயே அமெரிக்காவில் தவணைமுறை விற்பனையை அது தொடங்கிவிட்டது. மெசினை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் தைத்த கூலியாலேயே அதன் கடனை அடைக்கலாம். 1892இல் கம்பனி பல நாட்டு மக்களை அவரவர் உடையில் மெசினோடு காட்டும் விளம்பர அட்டைகளை அச்சிட்டது. அவற்றில் இலங்கைக்கும் ஓர் அட்டை உண்டு. இவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியை நிரா விக்கிரமசிங்க. அவரது ஆங்கில நூல் 2014இல் வெளிவந்தது. தமிழில் அப்படியொரு நூலை நான் கண்டதில்லை.

எமது ஊர் வரலாறுகளில் பள்ளிவாசலுக்குக் காணி கொடுத்தவர் பெயர் இருக்கும், முதற்கடை போட்டவர் பெயர் இருக்கும். பெருநாளுக்கு முந்திய இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் ஊர்ப்பிள்ளைகளின் உடுப்புகளைத் தைத்துக் கொடுத்த உம்மாமார் எந்த ஏட்டிலும் இல்லை. கணவன் மவுத்தான பின் வாசற்படி தாண்டாமலே பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் கணக்கை யார் எழுதினார்கள்? மெசினில்தான் அது இருக்கிறது. அடித்தட்டின் முன்விளிம்பில் தங்கநிறச் சித்திரம் தேய்ந்து கறுப்பு மட்டும் தெரியும் இடம், துணியும் கையும் ஆண்டாண்டாக உரசிய இடம்.

ஆகவே புதிதாகச் சாயம் பூசி, கடையில் ஒட்டுச்சித்திரம் வாங்கி ஒட்டிப் பளபளக்கச் செய்வதை நான் ஏற்பதில்லை. அது பழைய காணி உறுதியை வெள்ளைத்தாளில் அழகாகப் பிரதிபண்ணிவிட்டு மூலத்தை எரிப்பது போன்றது. மெசினைத் துடைக்க வேண்டும், ஓடவைக்க வேண்டும், அவ்வளவுதான். சில்லு இறுகியிருந்தால் பெரும்பாலும் துரு அல்ல, பழைய எண்ணெய் பிசினாகிப் போனதுதான் காரணம். மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்தால் இளகும். பிறகு அதைத் துடைத்தெடுத்து மெசின் எண்ணெய் இட வேண்டும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது. எமது குளிரில் அது உறைந்துவிடும், நாட்பட்டால் பிசினாகும். ஸ்பிரிட்டால் சித்திரத்தைத் துடைத்தாலோ மேலிருக்கும் அரக்குப்பூச்சு கரைந்து சித்திரமும் கையோடு வந்துவிடும்.

துருவைவிட வதந்தி பொல்லாதது. 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெசின்களுக்குள் 'செம்பாதரசம்' இருப்பதாக ஒரு கதை பரவியது. ஊசிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்தால் இணைப்பு அறுந்தால் பாதரசம் இருக்கிறதாம்! இரண்டு இலட்சம் ரியால்வரை விலை பேசப்பட்டது, தையற்கடைகள் உடைக்கப்பட்டன. அப்படியொரு பொருளே மெசினில் இல்லை. இங்கோ எந்த வதந்தியும் தேவைப்படவில்லை. பழைய இரும்புக்காரரின் தராசு போதும். தலையை அவர் கொண்டுபோவார், கால்மிதி இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்டு மேசையாக்குவார்கள்.

இப்படிப் போகவிட அவசியமில்லை. 15ஆம் மாதிரியை ஜப்பானியரும் இந்தியரும் பின்னர் பிரதிசெய்து பெருமளவில் விற்றதால், அதன் பொபினும் பெட்டியும் இன்றும் வாங்கலாம். கையால் சுற்றும் 28ஆம் மாதிரிக்குத்தான் சிரமம். அதன் நீண்ட பொபின் தோட்டா வடிவக் கூட்டுக்குள் இருந்து முன்னும் பின்னும் ஆடும். அந்தக் கூடு தொலைந்தால் இன்னொரு பழைய மெசினிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஊசி இரண்டுக்கும் ஒன்றே. இன்று எந்தக் கடையிலும் விற்கும் சாதாரண வீட்டு மெசின் ஊசிதான்.