கொழுப்பில்லாத கறி: இரலையைத் தேடி வெள்ளிமலைக்கு

போன மாசம் கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்து, "ஐயா, அந்தக் காலத்துல மான் கறி எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். சுற்றிலும் பார்த்தார். "நீங்க ஃபாரஸ்ட்டா?" கம்ப்யூட்டர் வேலை என்று சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். "கொழுப்பே இருக்காதுங்க. சும்மா வறுத்தா நாராப் போயிடும். புளி ஊத்தி வேக வைக்கணும்." எந்த மான் என்றேன். அதுக்கு மட்டும் பதில் வரலை.

ஆனா சிக்கலே அதில்தான். புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்துத் திரும்ப வளர்ப்பவை. வெளிமானும் நாற்கொம்பு மானும் உதிர்க்காது. அவை ஆடு மாட்டுக்குச் சொந்தம். நாம் எல்லாவற்றையும் மான் என்று ஒரே பையில் போட்டுவிட்டோம். தொல்காப்பிய மரபியல் அப்படியில்லை: இரலை, கலை என்ற ஆண்பாற் பெயர்களைப் புல்வாய்க்குக் கொடுக்கிறது, கலை உழைக்கும் உண்டு என்று தனியாகச் சொல்கிறது. புல்வாய் என்பது வெளிமான்தான் என்பது என் கட்சி.

கல்வராயனுக்கு வடக்கே செங்கம். அந்தப் பக்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமில் மலைவாசிகள் கூத்தருக்குப் போடும் சாப்பாட்டைப் பாருங்கள்: கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, பலாக்கொட்டை மாவு, புளி, மோர், மூங்கிலரிசி. இரண்டு கறிக்கும் கொழுமையைச் சொல்லித்தான் பெருமை. வெளிமான் அங்கே இல்லை. அது சமவெளிப் புல்லில் மேய்வது. ஆனால் பெரியவர் சொன்ன புளி இருக்கிறது!

நாய் விட்டுத் துரத்தினால் கறி கெடும் என்பதற்குக் காரணம் உண்டு. ஓடி ஓடித் தசையிலிருக்கும் சர்க்கரைச் சத்து (கிளைக்கோஜன்) தீர்ந்துவிடும். செத்த பிறகு அது புளித்து அமிலமாக மாறினால்தான் கறி பதப்படும். சத்து இல்லையென்றால் கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். மறைந்திருந்து அடித்த கறிக்கு இந்தக் குறை இல்லை.

வெளிமான் 1932-இல் அமெரிக்காவின் டெக்சஸுக்குப் போனது. இன்று அங்கே பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் திரிகிறது. சட்டப்படி சுட்டுச் சாப்பிடுகிறார்கள். மெல்லிய நார், கவிச்சி குறைவு, அதிகம் வெந்தால் காய்ந்துவிடும் என்கிறார்கள். வெள்ளிமலைப் பெரியவர் சொன்னதேதான். இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமானும் நாற்கொம்பு மானும் இருக்கின்றன; வேட்டையாடினால் 3 முதல் 7 வருஷம் சிறை. அது சரிதான். ஆனால் அந்த பயத்தில், பழைய சமையலைப் பற்றிய பேச்சும் சேர்ந்து அடங்கிவிட்டது. அந்த ருசியை நாக்கில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எழுபது தாண்டியவர்கள்.

பஸ் வந்தது. "எழுதப் போறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"பேரைப் போட்டுறாதீங்க."