மேஸ்திரி முதல் வெண்டர் வரை: வடசென்னையில் ஒப்பந்தக் கூலியின் வரலாறு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தோழர்கள், "நீங்கள் கணினி வேலையில் இருந்தவர், அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். அதைப் பேச வேண்டுமானால் ஹார்பரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றேன். ஏன் என்பது இந்த உரை முடிவதற்குள் விளங்கும் என்று நம்புகிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். நைனா ஹார்பர் தொழிலாளி. நான் ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தில், பில் போடும் மென்பொருளைப் பராமரிக்கும் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த ஆறு ஆண்டில் என் சம்பளச் சீட்டில் அந்த நிறுவனத்தின் பெயர் ஒரு மாதம்கூட வந்ததில்லை. நிறுவனம் தன் வேலையை ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனி ஆள் பிடித்துத் தரும் இன்னொரு கம்பெனியிடம் கேட்டது. அந்த மூன்றாவது கம்பெனியின் ஆள் நான். அங்கே அதற்குப் பெயர் வெண்டர். எங்கள் தாத்தா காலத்தில் மேஸ்திரி என்றார்கள்.

வார்ஃப் வாசலில் நின்ற கூட்டம்

ராயபுரத்திலிருந்து 1856-இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1870-களில் துறைமுகக் கட்டுமானம் ஆரம்பமானது. அதே பத்தாண்டில்தான் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பண்ணையில் கட்டுண்டு கிடந்த சேரி மக்களுக்குப் பட்டணம் ஒரு தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. கல் சுமக்கவும் மூட்டை இறக்கவும் ஆள் தேவைப்பட்டது. ஊரில் ஆண்டை, இங்கே மேஸ்திரி.

கப்பல் வரும் நாளில் விடியற்காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி விரல் நீட்டியவருக்கு அன்று வேலை, மற்றவருக்கு அன்று பட்டினி. கூலியில் ஒரு பங்கு மேஸ்திரிக்குப் போகும். கடனும் அவரிடமே வாங்க வேண்டும். அவர் யாருக்கு விரல் நீட்டுவார்? தன் ஊரார், தன் உறவு, தன் சாதி, தனக்குக் கடன்பட்டவர். ஆக, ஆள் எடுக்கும் அதிகாரம் இடைத்தரகனிடம் இருக்கும்வரை சாதியும் அந்த வாசலிலேயே நிற்கும்.

1931-இல் அறிக்கை கொடுத்த அரசத் தொழிலாளர் ஆணையம் இந்த முறையைக் கண்டித்தது. துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து முறைப்படுத்தச் சொன்னது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-இல் அந்தத் துறையின் கீழ்தான் தொடங்கின. மேஸ்திரியின் விரலுக்குப் பதிலாக ஒரு பதிவேடு, ஒரு வரிசை எண். அதன் அருமை நமக்குத்தான் தெரியும். அவருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். அவர் அமைச்சராக இருந்தபோதுதான் 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. துறைமுகத்தில் மேஸ்திரியின் விரலை மடக்கிய இந்த வரலாற்றில் அடுத்தடுத்து இரண்டு தலித் தலைவர்களின் கை இருக்கிறது. தொழிற்சங்க வரலாறுகளில் இதை எத்தனை பேர் எழுதினார்கள்?

அந்தச் சட்டத்தின் கீழ் சென்னையிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவு பெற்ற தொழிலாளி முறைப்படி வேலைக்குப் போவார். கப்பல் இல்லாத நாளில் வந்து நின்றதற்கும் ஒரு படி உண்டு. கணினித் துறைத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்வதென்றால், அது சம்பளத்தோடு கூடிய 'பெஞ்ச்'. அந்தப் பெஞ்சை ஹார்பர் தொழிலாளி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே போராடி வாங்கினார்.

1983-இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை குறைந்தது, ஆளும் குறைந்தது. 1948 சட்டத்தைப் பெருந்துறைமுகங்களில் செயலிழக்கச் செய்ய 1997-இல் இன்னொரு சட்டம் வந்தது. 2001-இல் அந்த முனையம் தனியார் கைக்குப் போனது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களில் பிள்ளைகள் வரவில்லை, ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள்.

கேபிள் குழி தோண்டியவர்கள்

இப்போது தொலைபேசிக்கு வருகிறேன். சென்னையில் தொலைபேசி 1882-இல் ஒரு தனியார் கம்பெனியின் கையில் தொடங்கியது. 1943-இல் அரசு எடுத்துக்கொண்டது. பின்னாளில் நகரம் முழுவதும் குழி தோண்டி, கேபிள் இழுத்து, கம்பம் நட்டவர்கள் தினக்கூலி மஸ்தூர்கள். அரசு வேலைதான், ஆனால் அரசு ஊழியர் இல்லை. ஒதுக்கீடு, பென்ஷன், விடுப்பு எதுவும் அவர்களைத் தொடவில்லை. ஆண்டுக்கணக்காக அதே துறையில், அதே மண்ணில் நின்றார்கள்.

அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1987 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பள விகிதத்துக்கு ஈடாகக் கூலி கொடுக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து உழைத்தவர்களை நிரந்தரமாக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 1989-இல் தொலைத்தொடர்புத் துறையில் அந்தத் திட்டம் வந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குத் தற்காலிக ஊழியர் தகுதி, பிறகு படிப்படியாக நிரந்தரம். கடப்பாரை பிடித்தவர்கள் அரசு ஊழியரான வழி அது. அந்தக் கூலியில் படித்து முன்னேறிய குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கும்.

2000 அக்டோபர் 1 அன்று துறை, பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமானது. அதன்பின் குழி தோண்டியவர் ஒப்பந்தக்காரரின் ஆளானார். 2019-இல் நாடெங்கும் பி.எஸ்.என்.எல். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல மாதக் கூலி பாக்கிக்காகப் போராடியது நினைவிருக்கும். 2020 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 78,000 நிரந்தர ஊழியர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஒதுக்கீட்டில் நிரப்பப்பட்டிருந்த இடங்களும் அவற்றில் அடக்கம்.

நீதிமன்றத்தின் போக்கும் இதற்கிடையே மாறியது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் அந்தத் தொழிலாளர்களை முதன்மை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 1996-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001 ஆகஸ்டில் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதைத் திருப்பிப் போட்டது. தானாக ஏற்க வேண்டியதில்லை, ஆனால் ஒப்பந்தமே வெறும் போலி என்று நிரூபித்தால் ஏற்க வேண்டும் என்றது. நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில் விழுந்தது.

கழுத்தில் தொங்கிய அட்டை

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். நகரத்தின் தெற்கே கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. வடக்கே எண்ணூரில் 2001-இல் புதிய துறைமுகம் வந்தது, பின்னர் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரியும் அங்கேயே போனது. தெற்குக்கு வேலை, வடக்குக்குச் சாம்பல். நாங்கள் சாம்பலிலிருந்து கிளம்பி வேலைக்குப் போனோம். திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, பீச்சில் மாறி, தரமணியில் இறங்குவேன். கம்பெனி பஸ் நிரந்தர ஊழியருக்கு மட்டும்.

2004-இல் ஏர்டெல்லை நடத்தும் பாரதி நிறுவனம் தன் தகவல் தொழில்நுட்பப் பணிகளை ஐ.பி.எம்.மிடம் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. வலைப்பின்னலைக் கவனிக்கும் பொறுப்பும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் போனது. உலகத் தொலைத்தொடர்புத் துறையே கவனித்த ஏற்பாடு அது. நான் வேலை பார்த்தது அந்த நிறுவனத்தில் அல்ல. ஆனால் சந்தாதாரரும் பெயரும் எங்களுடையது, வேலை பிறருடையது என்ற அந்த முறை பரவிய பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை சோறு போட்டது. தங்கையின் படிப்பு அதில்தான் முடிந்தது.

ஆனால் அந்த நாற்காலியின் கால்களைப் பாருங்கள். என் ஒரு நாள் உழைப்புக்கு முதல் நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பது எனக்கு ஆறு ஆண்டும் தெரியாது. தாத்தாவுக்கு மேஸ்திரியின் பங்காவது தெரிந்திருந்தது. ஆள் எடுப்பு பெரும்பாலும் உள்ளே இருப்பவரின் சிபாரிசில் நடக்கும். உள்ளே நம்மவர் இல்லை என்றால் சிபாரிசும் இல்லை. நேர்காணலில் சாதியைக் கேட்க மாட்டார்கள். "எந்த ஏரியா?" என்பார்கள். விண்ணப்பத்தில் முகவரியை மாற்றி எழுதிய காசிமேட்டு, திருவொற்றியூர்ப் பையன்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு முறை மயிலாப்பூரில் இருந்த நண்பன் வீட்டு முகவரியை எழுதினேன். நேர்காணலுக்குப் போய்விட்டு நைனா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் ப்ராஜெக்ட் முடிந்தது என்றார்கள். வெள்ளிக்கிழமை அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் நைனா கேட்டார்: "கப்பல் வரலன்னாலும் எங்களுக்குப் போய் நின்னதுக்குக் காசு உண்டுடா. உனுக்கு இன்னா குடுத்தாங்க?" ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்குடா அவ்ளோ படிச்ச?" என்றார். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

இந்த உரைக்கான கேள்வி அதிலிருந்துதான் வந்தது. சட்டம் ஒரு படியை எட்டும்போது வேலை அடுத்த படிக்கு இறங்கிவிடுகிறது. வார்ஃபில் பதிவேடு வந்தது, வேலை ஒப்பந்தக்காரரிடம் போனது. மஸ்தூர் நிரந்தரமானார், குழி ஒப்பந்தத்துக்குப் போனது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசின் கீழுள்ள பணியிடங்களுக்கு ஒதுக்கீடு தருகிறது. ஒப்பந்தம் என்பது 'பணியிடம்' என்ற ஒன்றே இல்லாமல் வேலை வாங்கும் வித்தை. இடமே இல்லாத இடத்தில் எதை ஒதுக்குவது?

1921 சொல்லும் பாடம்

இதற்குச் சங்கம்தான் வழி என்பார்கள். ஆம். ஆனால் எந்தச் சங்கம்? 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கத்தில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கொண்டாடுகிறோம். 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது.

நூறு ஆண்டுகளாக நம் பாட்டன்மாரைக் கருங்காலி என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆலைக்குள் தன்னோடு அமர்ந்து சாப்பிடாதவன், வெளியே தன்னோடு சேர்ந்து பட்டினி கிடக்கச் சொன்னபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்டவர் குறைவு. எம்.சி. ராஜா அன்று அம்மக்களின் பக்கம் நின்று பேசினார். முதலாளி அந்தப் பிளவைப் பயன்படுத்தினான் என்பது உண்மை. பிளவை அவன் உண்டாக்கவில்லை என்பதும் உண்மை.

2015-இல் சென்னையில் ஆட்குறைப்புக்கு எதிராகக் கணினி ஊழியர்கள் சங்கமாகத் திரண்டார்கள். தொழில் தகராறு சட்டம் கணினித் துறைக்கும் பொருந்தும், சங்கம் வைக்கத் தடையில்லை என்று 2016-இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தச் சங்கங்களில் வெண்டர் ஆட்கள் எத்தனை பேர்?

இதை மற்றவர்களைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் நிரந்தர ஊழியருக்கு ஒரு நிற அட்டை, ஒப்பந்தக்காரருக்கு வேறு நிறம். இரவில் தரை துடைக்கக் கண்ணகி நகரிலிருந்து பெண்கள் வருவார்கள். நகரத்துக் குடிசைகளை இடித்து 2000-இலிருந்து மக்களைக் கொண்டுபோய்க் குவித்த அதே கண்ணகி நகர். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையும் என் அட்டையும் ஒரே நிறம். அந்த நிறத்துக்காக நான் வெட்கப்பட்டேன். ஆறு ஆண்டில் ஒரு நாளும் அவர்களிடம், "அக்கா, உங்க கான்ட்ராக்டர் யாரு, பி.எஃப். புடிக்கிறாங்களா?" என்று கேட்டதில்லை. 1921-இல் பிறர் நமக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்தேன்.

கையில் இருப்பவை

மாணவத் தோழர்களுக்குச் சில செய்திகள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டியிருந்தது. இந்தப் பொறுப்பை எழுதி வாங்கியும் கைகழுவ முடியாதிருந்தது. 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தருகிறது. 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்பதே இதற்கு எதிராக வரும் முதல் பதில். 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்திய 1970 சட்டத்தின் எல்லையை, 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்பு 50 ஆக உயர்த்தியது. சின்ன ஒப்பந்தக்காரர்களின் ஆட்களெல்லாம் அந்த எண்ணில் வெளியே நிற்கிறார்கள். இதை எதிர்த்துப் பேசுவது தலித் இயக்கத்தின் வேலையும்தான்.

எனவே, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அட்டையின் நகல், சம்பளச் சீட்டு, யார் யாரிடமிருந்து வேலை உத்தரவு வந்தது என்ற மின்னஞ்சல்கள், வேலை செய்த நாட்களின் கணக்கு ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவிட்டது யார் என்று காட்டினால்தான் ஒப்பந்தம் போலி என்று காட்ட முடியும். பக்கத்தில் தரை துடைப்பவரின் கணக்கையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அவருக்கு எழுத நேரம் இருக்காது.

நைனாவின் ஹார்பர் பதிவு அட்டை வீட்டில் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஓரம் மடிந்து, போட்டோ மங்கிப்போய்விட்டது. ஆனால் எண் படிக்கத் தெரிகிறது. வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு மனிதனைப் பிரித்து, இவனுக்கு நாளையும் வேலை உண்டு என்று அரசு எழுதிக் கொடுத்த எண் அது. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு எண்ணை மறுபடி வாங்கித் தருவது பற்றித்தான் இந்த நினைவு நாளில் பேச நினைத்தேன்.