கறுத்துப்போன படங்களின் சரித்திரம்

புகைப்படம் எடுக்கும் அன்பர்கள் இக்காலத்தில் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. காமிராவின் முதுகிலுள்ள சிறு திரையில் களையாகத் தெரிந்த படம், கணினியில் திருத்தும் மென்பொருளுக்குள் வந்ததும் ஒரு விநாடி அதே களையோடு நின்றுவிட்டு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி குன்றி, முகங்களெல்லாம் கறுத்து, பொழுது சாய்ந்த பின் எடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. காமிராவில் பழுதோ, லென்ஸில் கோளாறோ, அன்றி மென்பொருள்தான் ஏதோ சதி செய்கிறதோ என்று கலங்குகிறவர்கள் பலர். முதல் விநாடியில் தெரிந்தது, சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலுக்குள் காமிராவே தயாரித்து ஒட்டிவைத்த ஜேபெக் பிரதி என்பதும், பின்னர்த் தெரிவது சென்ஸாரின் பதிவிலிருந்து மென்பொருள் தன் அபிப்பிராயப்படி உருவாக்கிய படம் என்பதும் புரிந்தால் பாதிக் கலக்கம் தீரும். மீதியும் தீர வேண்டுமானால், இந்த இருட்டு எந்தக் காலத்திலிருந்து புகைப்படக் கலையைத் தொடர்ந்து வருகிறது என்று சற்று விசாரிக்க வேண்டும்.

ஒளி விழுவது ஒரு காரியம், படம் வெளிப்படுவது வேறொரு காரியம் என்ற பிரிவினை காகிதப் படங்களில் 1840-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஏற்பட்டது. இங்கிலாந்தில் லேகாக் ஆப்பி என்ற தமது மாளிகையில் இருந்துகொண்டு வெள்ளி உப்புத் தடவிய காகிதங்களை வைத்துப் பரீட்சை செய்துவந்த டால்பட் என்பவர், அதுவரையில் காகிதம் காமிராவுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும்படி கறுக்கும் மட்டும், சில வேளைகளில் மணிக் கணக்காகக்கூட, காத்திருந்தார். காலிக் அமிலம் சேர்ந்த கரைசலைப் பூசினால், சொற்ப நேரமே ஒளிபட்டு வெறுமையாகத் தோன்றும் காகிதத்திலும் மறைந்து கிடக்கும் உருவம் மெல்ல மெல்ல எழுந்து வருவதை அவர் அப்போது கண்டார். மறு வருஷமே அந்த முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். காத்திருக்கும் நேரம் இதனால் மணியிலிருந்து நிமிஷமாகக் குறைந்தது. ஆனால் புதியதொரு சங்கடமும் கூடவே பிறந்தது. காமிராவுக்குள் எவ்வளவு ஒளி விழுந்தது என்பது அந்தக் கணத்தில் ஒருவருக்கும் தெரியாது. இருட்டறைக்குள் போய்க் கரைசலில் நனைத்த பிறகே தெரியும். அதற்குள் எடுத்த காட்சி கைவிட்டுப் போயிருக்கும்.

இந்தச் சங்கடம் நம் நாட்டுக்கும் வெகு சீக்கிரம் வந்து சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் காப்டனாக இருந்து, 1856-இல் சென்னை மாகாணத்து அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லினேயஸ் டிரைப், மெழுகிட்ட காகித நெகடிவ்களைச் சுமந்துகொண்டு மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் சுற்றி ஓடும் கல்வெட்டுக்களை 1858-இல் 21 படங்களாக எடுத்து ஒட்டவைத்து, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியது அவருடைய அரும்பெருங் காரியங்களுள் ஒன்று. அக்காலத்து வெள்ளி உப்புக்கள் நீல ஒளிக்கே மிகுதியாக மசிந்தன. ஆகையால் கற்சுவரின் நிழற்பகுதி தெளியும் அளவுக்கு ஒளியை விட்டால் வானம் வெறும் வெள்ளைத் தகடாகிவிடும். வானத்தைக் காப்பாற்ற ஒளியைக் குறைத்தால் மண்டபம் கரிக்குகையாகிவிடும். டிரைப் கல்லின் பக்கம் நின்றார். வெறித்துப்போன வானத்துக்கு நெகடிவின்மேல் சாயம் பூசித் தாமே மேகங்களைத் தீட்டினார். அதே காலத்தில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு மற்றொரு நெகடிவுமாக எடுத்து, இரண்டையும் ஒரே காகிதத்தில் அச்சிட்டுப் பெரும் புகழ் பெற்றார். ஆகவே, படத்தைத் திருத்துவது கணினி வந்த பிறகு தோன்றிய ஏமாற்று வித்தை என்று முகம் சுளிக்கிறவர்கள் சரித்திரம் அறியாதவர்களே.

எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு கறுப்பு என்ற கேள்விக்கு, அநுபவசாலிகளின் கைப்பழக்கத்தைத் தவிர வேறு பதில் சுமார் 50 வருஷ காலம் இல்லை. அதைக் கணக்கின் வசத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அல்லர். இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊரில் சோடா உப்புத் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த இரண்டு நண்பர்கள். ஒருவர் ஃபெர்டினண்ட் ஹர்ட்டர் என்ற சுவிஸ் ரசாயன நிபுணர். மற்றவர் வீரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட் என்ற ஆங்கில எஞ்சினீயர். நெகடிவ் தேறுமா தேறாதா என்று தெரியாமல் இருட்டறைக்குள் போவது அவர்களுடைய தொழிற்சாலைப் புத்திக்குச் சகிக்கவில்லை. அளவு குறித்த மெழுகுவர்த்தி ஒன்றின் ஒளியைக் குறித்த தூரத்தில் வைத்து, கண்ணாடித் தகட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் முன்னதைப்போல் இரு மடங்கு ஒளி விழச் செய்து, கழுவிய பின் ஒவ்வொரு கட்டத்தின் கறுப்பையும் தனித்தனியே அளந்து எழுதினார்கள். அந்த ஆராய்ச்சி 1890-இல் ரசாயனத் தொழில்துறைச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது.

அவர்கள் வரைந்த கோடு வளைந்த கோடு. ஒளி மிகக் குறைந்த இடத்தில் அது தரையோடு தரையாகத் தவழ்ந்து, பிறகு நேராக ஏறி, ஒளி மிகுந்த இடத்தில் மறுபடியும் சாய்ந்து படுத்துவிடுகிறது. நேராக ஏறும் பாகத்துக்குள் காட்சி முழுவதும் அடங்கினால் படம் உண்மையான படம். தவழும் பாகத்தில் விழுந்த நிழல்களுக்குள் விவரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதற்கும் கீழே விழுந்தது போனது போனதுதான். உருவத்தை எழுப்பும் கரைசலான டெவலப்பரை மாற்றியும் நேரத்தை நீட்டியும் எந்தத் தவறையும் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பியிருந்த நிபுணர்களுக்கு இது நாராசமாக இருந்தது. டெவலப்பரால் படத்தின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும், விழாத ஒளியை விழுந்ததாக்க முடியாது என்று அவ்விருவரும் சாதித்ததை எதிர்த்து நெடுங்காலம் வாதம் நடந்தது. முடிவில் 1898-இல் ராயல் போட்டோகிராஃபிக் சங்கம் அவர்களுக்கு முன்னேற்றப் பதக்கம் வழங்கிற்று. ஹர்ட்டர் காலமானதும் அதே வருஷத்தில்தான்.

ஒளி போதாத நெகடிவ் மெலிந்து, கண்ணாடி போல் ஊடே தெரியும். அதை அப்படியே அச்சிட்டால் படம் கறுத்துப்போகும். இதற்குப் பரிகாரமாக இன்டென்ஸிஃபையர் என்ற கரைசல்கள் கையாளப்பட்டன. பாதரசம் கலந்தது, யுரேனியம் கலந்தது, குரோமியம் கலந்தது என்று அவற்றில் பல வகை, பெரும்பாலானவை விஷம். நெகடிவில் முன்பே உள்ள வெள்ளியின்மேல் மேலும் ஒரு பொருளைப் படியவைத்து அதைத் தடிக்கச் செய்வதே அவற்றின் வேலை. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றையும் அவை உண்டாக்கமாட்டா.

இந்தச் சிகிச்சையின் மிகப் பிரசித்தமான நோயாளி, அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழும்போது எடுத்த படம். 1941-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, காரில் போய்க்கொண்டிருந்தவர், மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மேல் அஸ்தமன ஒளி வெண்மையாகப் படிந்திருப்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினார். 8 அங்குலத்துக்கு 10 அங்குலமான பெரிய காமிராவை அவசர அவசரமாக நிறுத்தினார். எக்ஸ்போஷர் மீட்டரைத் தேடினார், அகப்படவில்லை. சந்திரனின் பிரகாசம் சதுர அடிக்கு 250 காண்டில் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதைக்கொண்டு மனக்கணக்காகவே அளவை நிச்சயித்து, எஃப் 32 துவாரத்தில் 1 விநாடி ஒளியை விட்டார். இரண்டாவது பிலிமைப் போடுவதற்குள் சிலுவைகள்மேலிருந்த வெயில் இறங்கிவிட்டது. கணக்கு சந்திரனுக்குச் சரியாக இருந்தது. மாலை நிழலில் கிடந்த முன்புறத்துப் புதர்நிலத்துக்குத்தான் போதவில்லை. அந்த மெலிந்த நெகடிவோடு வருஷக் கணக்காகப் போராடிவிட்டு, 1948-இல் அதை இன்டென்ஸிஃபையருக்கு உட்படுத்தத் துணிந்தார். அடிவானத்துக்குக் கீழுள்ள பாகத்தை மட்டும், விளிம்புக் கோடு விழாதபடி கரைசலில் இறக்கியும் ஏற்றியும், நீரில் அலசியும், மறுபடி இறக்கியும், சிறிது சிறிதாகத் தடிக்கவைத்தார். கை நடுங்கியிருந்தால் அத்துடன் அந்தப் படம் போயிருக்கும். வேறு நெகடிவ் கிடையாது. தேதி குறித்து வைக்கும் பழக்கம் மட்டும் ஆடம்ஸுக்கு இல்லை; நிலவு நின்ற இடத்தை வைத்து வான சாஸ்திரிகள்தாம் பிற்காலத்தில் அந்த மாலை நவம்பர் 1-ஆம் தேதி என்று கணித்துச் சொன்னார்கள்.

நிழலைப் பார்த்து ஒளியை விடு, வெளிச்சத்தைப் பார்த்து டெவலப் செய் என்பது பிலிம் காலத்துப் பாலபாடம். பிலிமில் ஒளி சற்று மிகுந்தால் குற்றமில்லை. கோட்டின் மேல்முனை சாய்ந்து படுக்குமே அன்றி அறுந்துபோகாது. டிஜிட்டல் சென்ஸார் இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கிவிட்டது. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் விழும் ஒளிக்கு நேர் விகிதத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கிறது. நிரம்பியதும் அதோடு சரி, அப்பால் விழுந்த ஒளிக்கு அடையாளமே இல்லை. நிழலிலோ, இரைச்சலை நாம் பொறுத்துக்கொள்ளும் மட்டும், பிறகு எவ்வளவோ வெளிக்கொணரலாம். ஆகவே வெளிச்சத்தைக் காப்பாற்றி நிழலைப் பின்னர்த் தூக்கிக்கொள்வதே டிஜிட்டலின் நீதியாயிற்று. படங்கள் இருண்டே பிறப்பதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் ஹர்ட்டர் – டிரிஃபீல்ட் கோட்டின் இன்மை. 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் உண்டு. அவற்றுள் 8,192 படிகள் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே, அதாவது ஒளி இரு மடங்காகும் ஓர் அளவுக்கே, போய்விடுகின்றன, அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. மூத்த மகன் சொத்தில் பாதியை எடுத்துக்கொள்ள, அடுத்தவன் மீதியில் பாதியை எடுக்க, கடைக்குட்டி கையில் சில்லறைக் காசு மிஞ்சுவது போல, பத்தாவது ஸ்டாப்புக்கு 16 படிகளே எஞ்சும். 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறத்தை இந்த நேர்க்கணக்கின்படியே திரையில் இட்டால், 255-க்கு 46 என்ற இடத்தில் இருட்டாக நிற்கும். திரைக்கு ஏற்ற மாற்றத்தைச் செய்த பிறகே 118 என்ற சரியான இடத்துக்கு ஏறுகிறது. அதற்கும் மேலாக, நிழலை அடக்கி, நடுப்பகுதியைத் தூக்கி, வெளிச்சத்தை மெல்லச் சாய்க்கும் வளைவு ஒன்று தேவை. பிலிமில் இது வெள்ளியின் சுபாவத்திலேயே இலவசமாகக் கிடைத்தது. சென்ஸாரின் பதிவுக்கு யாரேனும் அதைக் கையால் செய்து தர வேண்டியிருக்கிறது. யார் செய்வது என்பதில்தான் தகராறு.

காமிராக் கம்பெனிகள் தத்தம் வளைவை ரகசியமாக வைத்துக்கொண்டன. ரா ஃபைலின் அமைப்பையும் அவை வெளியிடவில்லை. டேவ் காஃபின் என்ற அமெரிக்கர் 1997-இல் ‘டிசிரா’ என்ற நிரலைத் தனியொருவராக எழுதத் தொடங்கி, ஒவ்வொரு காமிராவின் ஃபைலையும் அவிழ்த்துக் காட்டினார். எந்த வளைவும் இல்லாத நேர்ப்பதிவைப் பார்க்க வேண்டுவோருக்கு அதில் ஒரு வழி வைத்திருந்தார். அந்த வழியில் வந்த படங்கள் அமாவாசை போல் இருக்கும். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல், 2003-இல் வெளிவந்த காமிரா ரா என்ற துணை மென்பொருளில், கம்பெனிகளின் வளைவைப் பின்பற்றாமல் தமக்குகந்த வளைவை இட்டார். 2005-இல் நிகான் கம்பெனி தன் டி2எக்ஸ் காமிராவின் வொயிட் பாலன்ஸ் தகவலை மறையெழுத்தாக்கியபோது, நோல் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். காஃபின் மறையெழுத்தையே உடைத்துவிட்டார். எடுத்தவனுடைய படத்துக்குள் பூட்டுப் போடும் உரிமை காமிரா விற்றவனுக்கு ஏது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கிடையில் காமிராக்கள் உள்ளுக்குள் மற்றொரு உபாயத்தையும் கற்றுக்கொண்டன. கேனானின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி, ஃபியூஜியின் டிஆர் 200, டிஆர் 400 ஆகிய அமைப்புக்கள் வானத்து மேகங்களைக் காப்பாற்றுவதற்காக, எடுப்பவன் அறியாமலே பதிவை ஒரு ஸ்டாப் அல்லது இரண்டு ஸ்டாப் குறைத்துவிட்டு, ஜேபெக் தயாரிக்கையில் நிழலை மட்டும் தூக்கிக்கொள்கின்றன. குறைத்த விவரம் ஃபைலுக்குள் ஒரு குறிப்பாக இருக்கும். அக்குறிப்பை வாசிக்கத் தெரிந்த மென்பொருள் அந்த அளவு ஒளியைத் தானே கூட்டிக்கொள்ளும். வாசிக்கத் தெரியாததோ படத்தை அத்தனை ஸ்டாப் இருட்டாகவே முன்வைக்கும். அவ்வாறு நேர்ந்தவர் எக்ஸ்போஷர் பட்டையை அத்தனை ஸ்டாப் ஏற்றிவிட்டால் போதுமானது. மறுமுறை எடுக்கும்போது அந்த அமைப்பை நிறுத்திவைப்பதும் நல்லது. காமிராத் திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு அதை நம்பி ஏமாறுகிறவர்கள் தனி ரகம். அவர்கள் ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

2009 முதல் வெளிவரும் ‘டார்க்டேபிள்’ என்ற இலவச மென்பொருளில் ஆரம்பத்தில் பேஸ் கர்வ் என்ற பகுதியில் நிகான் மாதிரி, கேனான் மாதிரி என்று கம்பெனிகளின் வளைவுகளைப் போலி செய்து வரிசையாக வைத்திருந்தார்கள். பின்னர் அதை ஒதுக்கிவிட்டு, காமிராக்கள் இருட்டாகவே பதிகின்றன என்பதை ஒப்புக்கொண்டு, திறக்கும் ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் முதலிலேயே 0.7 ஸ்டாப் ஒளியைக் கூட்டிவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். அது போதாத படங்களுக்கு மேலும் கூட்டிக்கொள்வதை எடுத்தவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள்.