பத்துப் பேர் வேண்டும்: மட்டாஞ்சேரி யூதத் தெருவின் ஒரு வாரம்

கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1568-இல் கட்டியது. தரையில் நீலமும் வெள்ளையுமாகக் கையால் வரைந்த சீன ஓடுகள், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள், வெளியே 1760-இல் எசேக்கியேல் ரஹாபி எழுப்பிய மணிக்கூண்டு. அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அந்தக் கட்டிடத்தைவிட அதற்குள் நடந்த வாரம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஞாயிறு முதல் சனி வரை அங்கே என்னதான் நடந்தது? யாருக்கு என்ன வேலை? யார் எங்கே உட்கார்ந்தார்கள்? இந்தக் கேள்விகளோடு படித்தபோது சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பத்து. யூத முறைப்படி, பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் முழுமையான கூட்டு வழிபாடு. இதை ‘மின்யான்’ என்பார்கள். ஒன்பது பேர் இருந்தால் அவரவர் தனியாக ஜெபிக்கலாம். ஆனால் தோரா சுருளை எடுத்துச் சபையில் வாசிக்க முடியாது. பத்தாவது ஆள் பெரிய பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. மிளகு வியாபாரியாக இருக்கலாம், நேற்றுதான் பதின்மூன்று முடிந்த பையனாக இருக்கலாம். ஆள் இருந்தால் போதும்.

கொச்சியில் இது இன்னும் முக்கியம். ஏன்னா, அந்தச் சமூகத்தில் முறைப்படி பட்டம் பெற்ற ரபிகள் இருந்ததில்லை. பெரியவர்களே சபையை நடத்தினார்கள், ஓதத் தெரிந்தவர்கள் ஓதினார்கள். நம்பி ஒப்படைக்க ஒரு குருக்கள் இல்லை என்றால், ஊரே தயாராக இருக்க வேண்டும், இல்லையா? பையன்களுக்குச் சிறு வயதிலேயே எபிரேயம் சொல்லிக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வாரத்துக்கு வருவோம். தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள். திங்கள், வியாழன் காலைகளில் அந்த வாரப் பகுதியின் தொடக்கம் மட்டும். மூன்று பேர் அழைக்கப்படுவார்கள். சனிக்கிழமை முழுப் பகுதியும், ஏழு பேர். இப்படி அழைக்கப்படுவதற்கு ‘அலியா’ என்று பெயர். ஏறிச் செல்வது என்று பொருள். நம்ம ஊர்க் கோவிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவும் இதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க வீட்டு வேலை. யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. வெள்ளி சாயங்காலம் ஓய்வுநாள் பிறந்துவிட்டால், சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது, வியாபாரம் கிடையாது, வண்டி ஏறக்கூடாது. அதனால் மறுநாள் சாப்பாடு வரை வெள்ளி மாலைக்குள் தயாராக வேண்டும். ஓய்வுநாளைத் தொடங்கிவைக்கும் விளக்கை ஏற்றுவது வீட்டுப் பெண். திராட்சை ரசம் வைத்து ஆசி சொல்ல வேண்டும். கேரளத்தில் திராட்சைத் தோட்டம் ஏது? உலர்ந்த திராட்சையை ஊறவைத்து வீட்டிலேயே செய்துகொண்டார்கள்.

வண்டி ஏறக்கூடாது என்ற ஒரு விதியே ஒரு தெருவின் உருவத்தைத் தீர்மானித்துவிடுகிறது. நடந்து போகிற தூரத்தில் ஆலயம் இருந்தாக வேண்டும். யூதத் தெருவைப் பாருங்கள்: தெருவின் ஒரு முனையில் ஜெப ஆலயம், அதை நோக்கிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அக்ரஹாரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தெரியாது. ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதும் அப்படித்தான். வேறு நாட்டு யூதர்களிடம் அந்தப் பழக்கம் பொதுவாக இல்லை. பேச்சில் அவர்கள் ஆலயத்தைச் சொன்னதும் ‘பள்ளி’ என்றுதான்.

சனிக்கிழமை காலைதான் வாரத்தின் உச்சம். கேரள ஜெப ஆலயங்களில் மற்ற இடங்களில் காணாத ஒன்று உண்டு: வாசிப்பு மேடை இரண்டு. ஒன்று கீழே கூடத்தின் நடுவில். இன்னொன்று மாடத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராவை மேல் மேடையில் வைத்து வாசித்தார்கள். அதாவது, பத்தில் ஒருவராகக் கணக்கில் வராத பெண்களுக்குத்தான் வாசிப்பு மிக அருகில் கேட்டது! கொச்சிப் பெண்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இல்லை. எபிரேயப் பாடல்களைக் குரலெடுத்துப் பாடினார்கள். மலையாளத்தில் அவர்களுக்கென்றே தனிப் பாட்டுகள் இருந்தன. கையால் எழுதிய நோட்டுகளில் அவற்றைத் தாயிடமிருந்து மகள் பெற்றுக் காத்தார்கள். கல்யாணம், பண்டிகை எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு.

சனி இரவு மது, நறுமணப் பொருள், விளக்கு மூன்றையும் வைத்து ஓய்வுநாளை வழியனுப்புவார்கள். அதற்குப் பிறகு தெரு மறுபடியும் மிளகுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் திரும்பிவிடும்.

இதுவரை சொன்னது அழகான பக்கம். இதே சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காரவில்லை என்பது அடுத்த பக்கம்.

கொச்சி யூதர்களில் பழையவர்கள் மலபாரிகள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் துரத்தலுக்குப் பின் வந்து சேர்ந்தவர்கள் பரதேசிகள். நாம் இன்று ஏளனமாகச் சொல்லும் சொல்தான்; அங்கே அதற்கு வெளிநாட்டார் என்று மட்டுமே பொருள். வெள்ளையர், கருப்பர் என்று பின்னாளில் வெளிப்படையாகவே பிரித்துப் பேசினார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம்: ‘மெஷுஹ்ராரிம்’, விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும். இவர்கள் பரதேசி ஆலயத்துக்கே வந்தார்கள், அதே ஓய்வுநாளைக் காத்தார்கள், அதே உணவு விதிகளைப் பின்பற்றினார்கள். ஆனால் இருக்கையில் உட்காரக்கூடாது; தரையில், முன்கூடத்தில் இடம். தோரா வாசிக்க அழைப்பு கிடையாது. திருமண உறவு கிடையாது. இடுகாட்டிலும் தனி இடம்.

யூத நூல் இதை அனுமதித்ததா? பதினாறாம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்னு ஸிம்ராவிடம் கேள்வியாகப் போனது. உரிய முழுக்குச் சடங்கைச் செய்துவிட்டால் இவர்களும் முழு யூதர்களே, மண உறவுக்கும் தடையில்லை என்பதுதான் அவர் தீர்ப்பு. தீர்ப்பு வந்தது, தெரு கேட்கவில்லை. என் கணிப்பு: சுற்றியிருந்த சாதி சமூகத்தில் உயர்ந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, அந்தச் சமூகத்தின் அளவுகோலையே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். வட்டெழுத்தில் இருக்கும் அதில் பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று மரியாதைகளின் பட்டியல். யார் குடை பிடிக்கலாம் என்பதில் தகுதி அளக்கும் ஊரில், யார் இருக்கையில் உட்காரலாம் என்பதும் அதே கணக்குத்தானே?

இந்தக் கணக்கை உடைத்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-இல் பிறந்தவர், மெஷுஹ்ரார் குடும்பம். சென்னையில் படித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்கும் போனவர். காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தை அவர் தன் சொந்த ஜெப ஆலயத்துக்குள் கொண்டுபோனார்.  அங்கேயே உரிமையைக் கேட்டார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத்தான் விழுந்தன. கடைசியாக நின்றது திருமணத் தடை. 1950 வாக்கில் அவர் மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, கல்யாணம் நடந்தது பம்பாயில். சொந்த ஊர்ப் பள்ளியில் நடக்கவில்லை.

அதற்குள் வேறொரு அலை வந்துவிட்டது. சுமார் 2,500 பேர் இருந்த கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்துக்காக முன்னின்று பேசியவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் கொச்சியிலேயே தங்கி 1967-இல் காலமானார். 1968-இல் பரதேசி ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால் தலை வெளியானது. பரதேசிக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பிந்தைய ஆண்டுகளில் பத்துப் பேர் சேர வேண்டுமென்றால், சுற்றுலா வந்த யூதப் பயணிகள் யாராவது அன்றைக்கு ஊரில் இருந்தால்தான் உண்டு என்ற நிலை.

யோசிச்சுப் பாருங்க. கூப்பிடு தூரத்தில், ஒவ்வொரு வாரமும் தவறாமல் வந்து தரையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக அழைக்காத சபை அது. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பயணி வாசலில் நின்றால், “உள்ளே வாங்க, ஆள் குறையுது” என்று அழைக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது. இடம்பெயர்வுக்குக் காரணங்கள் பல. சாதிப் பாகுபாடுதான் ஆலயத்தைக் காலி செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பத்து என்ற விதியில் ஒரு நீதி ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது: எந்த ஆளையும் வேண்டாம் என்று சொல்லும் வசதி எந்தச் சபைக்கும் நிரந்தரமாகக் கிடையாது.

அந்தத் தெருவுக்கு இன்று ஏ. பி. சேலம் சாலை என்று பெயர். ஜெப ஆலயத்துக்குப் போகிறவர்கள் அதன் வழியாகத்தான் நடந்து போகிறார்கள்.