ஏலாக்குறிச்சியும் இரும்பு எழுத்தாணியும்



கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் அது. அவ்வூரை நினைக்குந்தோறும் என் உள்ளத்தில் தோன்றுவது ஓர் இரும்புத் துண்டு. அதுவே எழுத்தாணி.

தனிமங்களின் வரிசையில் இரும்பு 26-ஆவது. தூய இரும்பு நாம் எண்ணும் அளவு கடினமானதன்று. அதன் முனை எளிதில் மழுங்கும். நூற்றுக்கு ஒரு பங்களவு கரி கூடினால் அது உறுதிமிக்க எஃகாகிறது. மூன்று, நான்கு பங்கு கூடினாலோ வார்ப்பிரும்பாகி, அடித்தால் உடைந்துபோகிறது. ஆக்குவதும் கரி, அளவு மீறினால் கெடுப்பதும் கரியே!

இரும்பு உருக 1,538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பழைய மரக்கரி உலைகளில் அவ்வெப்பம் எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும், கரி எரிவதால் தோன்றும் கார்பன் மோனாக்சைடு, இரும்புக் கனியத்திலுள்ள ஆக்சிசனைக் கவர்ந்துகொள்ளும். கடற்பஞ்சு போன்ற இரும்புக் கட்டி எஞ்சும். அதனைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்குவர். நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தோர் பண்டைய இரும்பு உலைகளைக் கண்டெடுத்தனர். நம் நாட்டில் இத்தொழில் அத்துணைத் தொன்மையுடையது.

இனி, எழுத்தாணிக்கு வருவோம். அதன் கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். அதனால் ஏடெழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர் என்பர் அறிஞர். அக்காலத்தில் புள்ளி பெற்றது குறில், பெறாதது நெடில். புள்ளி மறையவே, ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஏட்டில் ஒன்றாயின. நெருப்பா, நீரா என்று படிப்போர் இடம் நோக்கியே உணர வேண்டியிருந்தது.

இவ்விடரை நீக்க முற்பட்டவர் வீரமாமுனிவர். புள்ளியை நம்பாது, நெடிலுக்கு வடிவிலேயே வேறுபாடு வகுத்தார். எகரத்தின் அடியில் ஒரு கோடு நீட்டி ஏகாரமாக்கினார். ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரமாக்கினார். கோட்டையும் சுழியையும் எழுத்தாணி ஓலையைத் துளைக்காமல் கீறிச் செல்லும் அன்றோ!

ஈரக் காற்றுப் பட்டால் இரும்பு துருவேறி உதிரும். எழுத்தாணிகளும் அவ்வாறே கழிந்தன, அவ்வெழுத்துகளோ நிலைத்தன. நண்பர்களே, ஏலாக்குறிச்சி என்று அடுத்த முறை எழுதுங்கால், அதன் முதலெழுத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். அதன் அடிக்கோட்டில் ஓர் உலோகத்தின் இயல்பும், ஓர் அறிஞரின் நுண்ணறிவும் ஒருங்கே விளங்கக் காண்பீர்கள்.