சித்திரை வெயிலும் எங்கள் உடம்பும்: வன்னியின் இளவேனிலில் கவனிக்க வேண்டியவை

பருவத்துக்கு ஏற்ப உணவையும் உறக்கத்தையும் மாற்றிக்கொள்வது பற்றிய குறிப்புகள் இப்போது சமூக ஊடகங்களில் நிறையப் பகிரப்படுகின்றன. வசந்த காலத்தில் ஈரலைப் பேணச் சொல்லும் சீன மரபு மருத்துவக் குறிப்புகள் எனது கைபேசிக்கும் வருவதுண்டு. அவற்றில் பயனுள்ளவை இருக்கின்றன. ஆனால் அவை சொல்லும் வசந்தம் வேறு, பரந்தனில் நாங்கள் காணும் வசந்தம் வேறு.

சீன நாட்காட்டியில் வசந்தம் பெப்ரவரி 4ஆம் திகதியளவில் தொடங்குகிறது. அது குளிர் விலகி மரங்கள் துளிர்க்கும் காலம். அதனை ஈரலோடும், பச்சை நிறத்தோடும், புளிப்புச் சுவையோடும், காற்றோடும் இணைத்துப் பார்ப்பது அவர்களது மரபு. அதிகாலையில் எழுந்து முற்றத்தில் உலாவுங்கள், மனதை இறுக்கமின்றி வைத்திருங்கள் என்பது 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற பழைய நூலின் அறிவுரை. அதே பெப்ரவரியில் பரந்தன் வயல்களில் காலபோக அறுவடை நடக்கும். தமிழ்க் கணக்கில் அது பனிக்காலம்.

எங்கள் மரபில் ஆண்டுக்கு ஆறு பெரும்பொழுதுகள். அவற்றில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். முதுவேனில் ஆனியும் ஆடியும். பின்பனியில் உடம்பில் சேர்ந்த ஐயம், அதாவது கபம், இளவேனில் வெயிலில் இளகிப் பெருகும் என்கிறது சித்த மருத்துவம். சளி, பசியின்மை, உடற்சோர்வு ஆகியவற்றை அது இதனுடன் தொடர்புபடுத்துகிறது. ஆகவே இக்காலத்தில் கைப்பு, கார்ப்பு, துவர்ப்புச் சுவைகளைக் கூட்டி, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைக்க வேண்டும் என்பர். வேப்பம்பூ வடகம், பாகற்காய், சுண்டங்காய், முருங்கையிலை எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். வருடப்பிறப்பன்று தலையில் வைத்து நீராடும் மருத்துநீரிலும் துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன சேர்கின்றன.

எனினும், வன்னியின் இளவேனில் மென்மையான காலம் அல்ல. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சத்தில் நகர்கிறது. பரந்தனுக்கு அது வருடப்பிறப்பை ஒட்டியே நிகழும். பின்னர் அக்கினி நட்சத்திரம், அதன்பின் ஈரத்தை உறிஞ்சும் சோளகக் காற்று. இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் செய்பவர்கள் இந்த வெயிலில்தான் வயலில் நிற்கிறார்கள். எனவே இங்கே பருவகால நலம் என்பது முதலில் தண்ணீரும் நிழலும்தான்.

காலையில் பழஞ்சோற்றுக் கஞ்சி, பகலில் உப்பிட்ட மோர், கிடைத்தால் இளநீர், நுங்கு, வெள்ளரிப்பழம் என்பன எங்கள் முன்னோர் கண்ட வழிகள். நீரும் உப்பும் ஒன்றாக உடம்பில் சேர்வதே அவற்றின் பயன். வயல் வேலையை முற்பகல் 11 மணிக்கு முன்னரும் பிற்பகல் 3 மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்வது நல்லது. தகரக் கூரையின் மேல் கிடுகு பரப்பினால் வீட்டுச் சூடு குறையும்.

பழைய நூல்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது போர் காயப்படுத்திய உடம்பு. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்தின் கீழுள்ள பகுதி சரியாக வியர்ப்பதில்லை. அதனால் உடற்சூடு தணியாமல் ஏறும். அவர்களுக்குத் தாகம் மட்டும் அளவுகோல் ஆகாது. ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் அடிக்கடி துடைத்து, காற்றோட்டமான இடத்தில் இருத்த வேண்டும். கழிப்பறைக்குப் போகும் சிரமத்தை நினைத்துத் தண்ணீர் குடிப்பதையே குறைப்பவர்களை நான் அறிவேன். அது சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவிடும்.

செயற்கைக்கால் அணிபவர்கள் பகலில் ஒருமுறையாவது அதைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்த உறையை மாற்றாவிட்டால் புண் வரும். சிறுநீரக நோயாளரும், இதய நோய்க்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும் மருந்து எடுப்பவர்களும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதைத் தமது வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். மூலிகைக் குடிநீருக்கும் இது பொருந்தும்.

வெயிலில் களைத்து, தலைசுற்றி, தசை பிடித்தால் நிழலில் படுக்கவைத்து, ஒரு லீற்றர் சுத்தமான நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சுத் தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், மயங்கினால் எதையும் பருக்க வேண்டாம். உடலை நீரால் நனைத்து விசிறியபடியே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

2009இன் சித்திரையும் வைகாசியும் நிழலும் நீரும் இல்லாத மணலில் கழிந்தவை. அந்த நாட்களில் உயிரைப் பிடித்துவைத்த கஞ்சியை இன்றும் மே மாதத்தில் காய்ச்சிப் பகிர்கிறோம். அந்தக் கஞ்சி வாசலுக்கு வர முடியாதவரின் வீட்டுக்கும் போக வேண்டும். கஞ்சி கொண்டுபோகிறவர் அந்த வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.